மல்வேர்னில் ஒரு சிற்றுண்டிச் சுற்று

சிநேகிதியோடு டொரொன்டோவின் மல்வேர்ன் பக்கம் தின்பண்டம் தேடிப் போகிறீர்களா? காரை வீட்டிலேயே விடுங்கள். 133 நீல்சன் பஸ்ஸிலோ, மார்க்கம் வீதியில் ஓடும் 102இலோ பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறையும் இறங்கி ஏறலாம். 2018 ஆகஸ்டிலிருந்து இந்த வசதி உண்டு.

ரோல்ஸை ஆளுக்கொன்று என்று ஒரே வகையில் வாங்க வேண்டாம். ஆட்டிறைச்சி ஒன்று, மீன் ஒன்று எடுத்துப் பாதி பாதியாக வெட்டுங்கள். மேலே ரொட்டித்தூள் மொறுமொறுவென்று உடைய, உள்ளே உருளைக்கிழங்கில் ஆவி பறக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் நெடுநேரம் கிடந்தது தொட்டாலே சவசவக்கும். "அடுத்த ஈடு எப்ப வரும், அண்ணை?" என்று கேட்டு, ஒரு பிளேன்டீயோடு காத்திருப்பது மேல்.

பணத்தைத் தனித்தனியாகக் கொடுங்கள். உடனே சாப்பிடும் உணவுக்கு ஒன்ராறியோவில் பில் மொத்தம் 4 டொலருக்குள் இருந்தால் வரி 5 சதவீதம், தாண்டினால் 13. சில்லறை விஷயம்தான், விடுவானேன்? வீட்டுக்கு டோனட், மஃபின் கட்டுவதானால் ஆறாக வாங்குங்கள். அதற்கு வரியே இல்லை.

இனிப்பில் வட்டிலப்பம் முதலில், பலூடா பிறகு. ரோஸ் சிரப் இறங்கிய நாக்குக்கு ஏலக்காய் வாசம் எட்டாது. வட்டிலப்பத்தில் முட்டை உண்டு, பல இடங்களில் கஜுவும் சேரும்; சைவக்காரரும் ஒவ்வாமை உள்ளவரும் கேட்டுவிட்டுத் தொடவும். கடை வாசலில் மாநகரசபையின் பச்சை 'பாஸ்' அட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.