கை பேசிய பிறகு கார்டு எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பத்து நிமிடப் பேசாப்படத்தைப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பிரஸ் ஷாப்பில், காதை அடைக்கும் இரைச்சலுக்கு நடுவே இரண்டு பெண்கள் கையாலேயே பேசிக்கொள்ளும் காட்சி அபாரம். ஒருத்தி உள்ளங்கையை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிள்ளையின் உயரத்தைக் காட்டுகிறாள். பிறகு புறங்கையைத் தன் கழுத்தில் வைக்கிறாள். மற்றவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொடுகிறாள். அவளை வாசல் பக்கம் போகச் சொல்லிக் கையசைக்கிறாள். பேச்சில்லாத படத்துக்கு இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இதற்காக உன்னை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அடுத்த நொடியே கறுப்புத் திரையில் ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று டைட்டில் கார்டு போட்டுவிட்டாய். போதாததற்குப் படம் முழுவதையும் விறுவிறுவென்று ஓடவிட்டு, செயற்கைக் கீறல்களையும் தூவியிருக்கிறாய். பார்த்ததும் கோபம் வந்தது. இவற்றைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். ஒளியும் கோணமும் உனக்கே தெரியும்.

முதலில் வேகம். அந்தக் காலத்துத் திரையில் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகவே திரிந்தார்கள் என்ற எண்ணம் பேசும்படம் வந்த பிறகு பிறந்தது. கையால் சுழற்றிய கேமராவில் விநாடிக்குச் சுமார் 16 ஃபிரேம் பதிவானது. ஆளுக்கும் காட்சிக்கும் ஏற்ப அது கூடும், குறையும். 1920களின் இறுதியில் ஒலி வந்தபோது வேகம் 24 என்று நிலைத்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் நடப்பார்கள். ஆக, பிற்காலத்தார் செய்த பிழையைத்தான் நீ மரபென்று நம்பி நகலெடுத்திருக்கிறாய். கீறலும் அப்படித்தான். அது ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாகச் சுற்றிய பிரதியில் விழுந்த காயம். நம் ஊர் மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் எடுத்த பேசாப்படமான ‘கீசகவதம்’ முதல் நாள் திரையில் கீறலோடா ஓடியிருக்கும்? கீஸ்டோன் கம்பெனியின் நகைச்சுவைப் படங்களில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார்களே என்று நீ கேட்கலாம். கூட்டினார்கள், துரத்தலும் விழுதலும் சிரிப்பூட்ட வேண்டுமென்று கேமராவை மெதுவாகச் சுழற்றி எடுத்தார்கள். அதே வேகத்தில் ஒரு தாய் கழுத்தைத் தொட்டுக் காட்டினால் அவளுடைய கவலை காணாமல் போய்விடுகிறது. வெறும் பரபரப்புத்தான் மிஞ்சுகிறது.

அடுத்து, அந்த டைட்டில் கார்டு. அன்றைய படங்களிலும் அது ஏராளமாக இருந்தது என்பாய். இருந்தது. நடராஜ முதலியார் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுதிப் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொன்னார்; ஜப்பானில் அப்படிச் சொன்ன பென்ஷிகளுக்கு நடிகர்களுக்கு இணையான புகழ் இருந்தது. ஒரு படம் கடல் கடந்து போகக் கார்டுகளை மாற்றி ஒட்டினால் போதும். ஹிமான்சு ராயும் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டனும் 1925இல் எடுத்த ‘பிரேம் சன்யாஸ்’ இங்கும் ஐரோப்பாவிலும் ஓட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உடம்பால் சொல்ல முடியாதவற்றுக்குத்தான் எழுத்து தேவைப்பட்டது: ஆளின் பெயர், ஊர், கடந்துபோன ஆண்டுகள். முர்னோ 1924இல் எடுத்த ‘தி லாஸ்ட் லாஃப்’ படத்தில் கதை நடுவே வரும் விளக்க அட்டை ஒன்றே ஒன்றுதான். ஹோட்டல் வாயிற்காவலரின் சீருடையைப் பறித்துக் கழிப்பறை வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கோட்டு இல்லாத முதுகு கூனுவதிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. இன்றைய பார்வையாளருக்குப் புரியாது என்று பயப்படாதே. 1987இல் வந்த ‘பேசும் படம்’ வசனமே இல்லாமல் தியேட்டரில் ஓடியது.

நடராஜ முதலியாரின் படமே மிஞ்சாதபோது இத்தனை உறுதியாக எப்படிப் பேசுவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மிஞ்சிய படங்களும் உண்டு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ பேசாப்படம், மூல நாவலின் உரிமை வழக்கில் சிக்கி முடங்கியது. அதன் பிரதி இன்றும் புனே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ‘பிரேம் சன்யாஸ்’ படமும் இருக்கிறது. சரியான வேகத்தில் ஓடும் பிரதியாகத் தேடிப் பார். யாரும் துள்ளி ஓடுவதில்லை. ஒரு பார்வை திரும்புவதற்குக்கூட அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. உன்னுடைய இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே: அந்தப் பெண்களின் கைகளை நீ நம்பவில்லை. எஸ்டேட்டில் இரைச்சல் ஓயாதவரை அந்தக் கைமொழியும் இருக்கும். அதைப் பழங்காலச் சாமானாக ஜோடிக்கத் தேவையில்லை. கார்டை எடுத்துவிடு, கீறலைத் துடைத்துவிடு, அவர்கள் கை அசைந்த வேகத்திலேயே படத்தை ஓடவிட்டு எனக்கு மறுபடியும் அனுப்பு.

அன்புடன்,
பூந்தமல்லியிலிருந்து உன் அண்ணன்