கிரேட் ஓஷன் ரோட்டில் ஆடியோ டூர்: அக்காவின் டிப்ஸ்

மெல்பர்னில் இருக்கிற நம்ம ஆட்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், பெட்டியைப் பிரிச்ச கையோடு கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "கிரேட் ஓஷன் ரோடு எப்போ போறோம்?" டோர்க்கியில் ஆரம்பிச்சு, வார்னம்பூலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலன்ஸ்ஃபோர்டு வரைக்கும் 243 கிலோமீட்டர். டூர் பஸ்ஸில் போனால் கைடு கதை சொல்லுவார், ஆனால் அவர் வெச்ச நேரம்தான் நேரம். சொந்தக் காரில் போனால் நேரம் நம்ம கையில், ஆனால் கதை சொல்ல ஆள் இருக்காது. இதுக்குத்தான் ஆடியோ டூர் ஆப்கள் வந்திருக்கு. காசு கட்டிப் போனில் இறக்கி வெச்சுக்கிட்டால், கார் எந்த இடத்தை நெருங்குதுன்னு ஜிபிஎஸ் மூலமாத் தெரிஞ்சுக்கிட்டு அந்த இடத்துக் கதையைத் தானாவே சொல்ல ஆரம்பிக்கும். ஒரு காருக்கு ஒண்ணு வாங்கினால் போதும்.

ஆனால் தங்கச்சிங்களா, தம்பிங்களா, ஒண்ணை மறந்துடாதீங்க. பஸ் கைடு கதை மட்டுமா சொல்றார்? எங்கே நிறுத்தணும், எப்போ கிளம்பணும், பாத்ரூம் எங்கே இருக்கு, யாருக்குத் தலை சுத்துது, எல்லாத்தையும் அவர்தான் கவனிக்கிறார். ஆப் அதில் கதை சொல்ற வேலையை மட்டும்தான் ஏத்துக்குது. மிச்சம் மொத்தமும் உங்க பொறுப்பு. அந்த மிச்ச வேலையை எப்படிச் செய்யறதுன்னுதான் இப்போ சொல்லப் போறேன்.

1. முதலில் திசையை முடிவு பண்ணுங்க

ஆடியோ டூர் வாங்கும்போது அது எந்த ஊரில் ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு பாருங்க. மேற்கே போறவங்களுக்காகத் தயார் பண்ணின டூரை எதிர்த் திசையில் ஓட்டினால், கதை முன்னுக்குப் பின்னாக வரும். "அடுத்து இடது பக்கம் திரும்புங்க"ன்னு அது சொல்ற இடத்தில் நீங்க வலது பக்கம் திரும்பணும்.

என் ஓட்டு டோர்க்கியிலிருந்து மேற்கே போறதுக்குத்தான். ஆஸ்திரேலியாவிலும் நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். மேற்கே போனால் கடலும் உங்களுக்கு இடது பக்கம்தான் இருக்கும். கடல் பார்க்கிற இடங்களில் எதிர்வரும் வண்டியைக் குறுக்கே கடக்காமல் நேராக ஒதுங்கி நிறுத்திக்கலாம். திரும்பி வரும்போது இதே ரோட்டில் வராதீங்க. உள்நாட்டு வழியாக, கோலாக் ஊர் பக்கம் போற பிரின்சஸ் ஹைவேயைப் பிடிங்க. வளைவு குறைவு, நேரமும் மிச்சம். அமெரிக்காவிலிருந்து வர்ற சொந்தக்காரங்க ஓட்டறதா இருந்தால், இந்த ரோட்டில் அவங்க இடது பக்க டிரைவிங் பழக வேண்டாம். மெல்பர்ன்ல ஒரு காலி பார்க்கிங்கில் பழகிட்டு வரட்டும்.

2. முதல் நாள் ராத்திரியே முடிக்க வேண்டிய வேலைகள்

- டூர் முழுசையும் வீட்டு வைஃபையில் டவுன்லோடு பண்ணிடுங்க. ஓட்வே மலைக்காட்டுக்குள் போனால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஜிபிஎஸ் நெட் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் குரலும் மேப்பும் போனுக்குள்ளேயே இருக்கணும். கூகுள் மேப்பிலும் அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கிக்கங்க.
- ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுங்க. பேட்டரி சேவரை அணைச்சுடுங்க. பேட்டரி சேவர் ஓடினால் பின்னணியில் ஜிபிஎஸ்ஸை நிறுத்திடும், கதை பாதியில் நின்னுபோகும். நிறைய பேர் ஆப்பைத் திட்டறது இதனாலதான்.
- நாள் முழுக்க ஜிபிஎஸ் ஓடினால் சார்ஜ் வேகமாகத் தீரும். கார் சார்ஜரும் சரியான கேபிளும் எடுத்துக்கங்க. வாடகைக் கார் என்றால் அதில் எந்த மாதிரி யூஎஸ்பி துளை இருக்குன்னு வண்டியை வாங்கும்போதே பாருங்க.
- கதைக்கு ஒரு போன், வழி காட்ட இன்னொரு போன் வெச்சுக்கங்க. ரெண்டும் ஒரே போனில் ஓடினால், முக்கியமான கதைக்கு நடுவில் மேப் குரல் குறுக்கே பேசும். பாதி தூரம் ஒரே ரோடுதான், அதனால் மேப்போட குரலை அணைச்சு வெச்சாலும் நஷ்டமில்லை.
- வீட்டு வாசலிலேயே ப்ளூடூத்தை இணைச்சு, ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்துடுங்க.

3. போனைப் பார்த்துக்க தனி ஆள்

விக்டோரியா மாநிலத்தில் வண்டி ஓட்டறவங்க போனைக் கையில் எடுக்கக் கூடாது, மடியில் வெச்சிருந்தாலும் குற்றம். இதைக் கண்டுபிடிக்கவே ரோட்டோரம் கேமரா வெச்சிருக்காங்க, அபராதமும் லேசுப்பட்டது இல்லை. அதனால் முன் சீட்டில் உட்கார்றவர்தான் கைடு. நிறுத்தறது, ரிவைண்ட் பண்றது, "அடுத்த நிறுத்தம் வருது"ன்னு சொல்றது எல்லாம் அவர் வேலை. ஓட்டறவர் காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், கார் ஸ்பீக்கரே போதும். பின் சீட்டில் பெரியவங்க இருந்தால் சத்தத்தைப் பின் ஸ்பீக்கர் பக்கம் கூட்டி வைங்க. அவங்களுக்கும் நல்லாக் கேட்கும், ஓட்டறவருக்கும் தொந்தரவு இருக்காது.

இந்த ரோட்டில் நிறைய இடத்தில் 80 கிலோமீட்டர்தான் வேக வரம்பு, வளைவுகளில் அந்த வேகமே அதிகம். கதை கேட்டுக்கிட்டே மெதுவாகப் போகும்போது பின்னாடி வண்டிகள் சேர்ந்துடும். மெதுவாகப் போற வண்டி ஒதுங்கறதுக்குன்னே இடம் விட்டிருக்காங்க. அங்கே ஒதுங்கி வழி விடுங்க, அந்த ஊர்க்காரங்க வேலைக்குப் போறதும் இதே ரோட்டில்தான்.

4. எல்லா இடத்திலும் இறங்காதீங்க

ஆப் சொல்ற இடத்திலெல்லாம் இறங்கினால் பொழுது சாய்ஞ்சாலும் அப்போலோ பே தாண்ட மாட்டீங்க. கதை ஓடிக்கிட்டே கடந்து போற இடம் எது, இறங்கிப் பார்க்கிற இடம் எதுன்னு முதல் நாளே பிரிச்சு வெச்சுக்கங்க. நான் இறங்கச் சொல்ற இடங்கள் இதோ:

நினைவு வளைவு: ஈஸ்டர்ன் வியூ பக்கத்தில் ரோட்டுக்கு மேலேயே நிக்கும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பின ஏறக்குறைய 3,000 சிப்பாய்கள், செத்துப்போன தங்கள் தோழர்கள் நினைவாக மண்வெட்டியும் கடப்பாரையும் வெச்சு வெட்டின ரோடு இது. 1919ல் ஆரம்பிச்சு 1932ல் முடிச்சாங்க. இந்தக் கதையை இங்கே கேட்டுட்டால், அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு வளைவையும் வேற கண்ணோடு பார்ப்பீங்க. படம் எடுக்க பார்க்கிங்கில் நிறுத்திட்டுப் போங்க, நடு ரோட்டில் நிக்காதீங்க.

கென்னட் ரிவர்: யூகலிப்டஸ் மரங்களில் கோலா தெரியுதான்னு அண்ணாந்து பாருங்க. குழந்தைங்க இருந்தால் இதுதான் அவங்களுக்கு டாப். பறவைங்க பக்கத்தில் வரும், ஆனால் தீனி போடாதீங்க. நம்ம சாப்பாடு அதுங்க உடம்புக்கு ஆகாது.

லாக் ஆர்ட் கார்ஜ்: ஒரே ஒரு இடத்தில்தான் முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்க நேரம் இருக்குன்னா, அது இங்கேதான். 1878 ஜூன் 1ம் தேதி, இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு வந்துக்கிட்டிருந்த 'லாக் ஆர்ட்' கப்பல் இந்தக் கரையில் மோதி உடைஞ்சது. 54 பேரில் பிழைச்சது ரெண்டே பேர். டாம் பியர்ஸ் என்கிற பயிற்சி மாலுமிப் பையன், ஈவா கார்மைக்கேல் என்கிற இளம்பெண்ணைத் தண்ணியிலிருந்து இழுத்து வந்து குகையில் கிடத்திட்டு, பாறை ஏறிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தான். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்குவாங்கன்னு நாடே எதிர்பார்த்தது, ஈவா அயர்லாந்துக்கே திரும்பிப் போயிட்டாங்க. அதே கப்பலில் வந்த ஒரு பீங்கான் மயில் சிற்பம் பெட்டியோடு கரை ஒதுங்கினது. இப்போ வார்னம்பூலில் இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்: பேர்தான் பன்னிரண்டு, அங்கே பன்னிரண்டு பாறை எப்பவுமே இருந்ததில்லை. ஒன்பது இருந்தது, 2005 ஜூலையில் ஒண்ணு சரிஞ்சு விழுந்து எட்டாச்சு. சுண்ணாம்புப் பாறை, அலை அடிச்சு அடிச்சு அரிச்சுக்கிட்டே இருக்கு. இதே கரையில் 'லண்டன் பிரிட்ஜ்'னு இருந்த இயற்கைப் பாலத்தின் கரைப்பக்கத்து வளைவு 1990 ஜனவரியில் இடிஞ்சு விழுந்து, அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்த ரெண்டு பேரை ஹெலிகாப்டரில்தான் மீட்டாங்க. குழந்தைங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், வேலியைத் தாண்டக் கூடாதுன்னு தனியாச் சொல்ல வேண்டாம்.

கடந்து போகும்போதே கேட்டுக்கலாம்னு நான் சொல்றது: டோர்க்கியின் சர்ஃபிங் கதை, 1891ல் கட்டின ஸ்ப்ளிட் பாயின்ட் கலங்கரை விளக்கம், லார்ன் ஊர். கேப் ஓட்வே கலங்கரை விளக்கம் 1848லிருந்து இருக்கு, அருமையான இடம்தான். ஆனால் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போய்த் திரும்பணும், நுழைவுக் கட்டணமும் உண்டு. ராத்திரி தங்கறவங்க மட்டும் போங்க.

இன்னொண்ணு. அப்போலோ பே தாண்டினதும் ரோடு கடலை விட்டு மழைக்காட்டுக்குள் ஏறும். "வழி தப்பிட்டோமோ"ன்னு பயந்து திரும்பிடாதீங்க. லேவர்ஸ் ஹில் போய் மறுபடி கடலுக்கு இறங்கும்.

5. அப்பா அம்மாவுக்குத் தமிழில் கதை

ஆப்களில் பேசறது இங்கிலீஷ், அதுவும் பெரும்பாலும் ஆஸ்திரேலிய உச்சரிப்பு. பின் சீட்டில் இருக்கிற அம்மாவுக்குப் பாதி புரியாது, கொஞ்ச நேரத்தில் தூங்கிடுவாங்க. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. இறங்கப் போற இடங்களுக்கு மட்டும், இடத்துக்கு ரெண்டு நிமிஷம்னு, நீங்களே தமிழில் பேசி வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜா குடும்பக் குரூப்பில் போட்டு வைங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார் போனிலும் அது டவுன்லோடு ஆகியிருக்கான்னு பாருங்க. வண்டியை நிறுத்தினதும், கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி போட்டுக் காட்டுங்க. என்ன பார்க்கப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்குவாங்க. வேலை பேரப் பிள்ளைங்ககிட்டயே போகட்டும், தமிழ் பேசிப் பழகின மாதிரியும் ஆச்சு.

6. வயிறும் தலைசுற்றலும்

லார்னிலிருந்து அப்போலோ பே வரைக்கும் வளைவு மேல வளைவு. வாந்தி வர்றவங்களை முன் சீட்டில் உட்கார வைங்க, போன் திரையைப் பார்க்க விடாதீங்க (அப்போ போன் வேலை பின் சீட்டில் இருக்கிறவருக்குப் போகட்டும்), ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. ஆடியோ டூரில் இது ஒரு வசதி, படிக்க வேண்டாம், கண்ணு ரோட்டிலேயே இருக்கலாம். இஞ்சி மரப்பா, ரெண்டு பிளாஸ்டிக் பை, தண்ணி எல்லாம் கைக்கு எட்டற இடத்தில் இருக்கட்டும். மாத்திரை போடறதா இருந்தால் கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும். தூக்கம் வரவைக்கிற மாத்திரை ஓட்டறவருக்கு ஆகாது.

புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கிட்டால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ஆங்கில்சீ, லார்ன், அப்போலோ பேன்னு வழியில் இருக்கிற ஊர்களில் பொதுக் கழிப்பறை இருக்கு, காசு கிடையாது. "வருதா"ன்னு கேட்காதீங்க, அங்கே நிறுத்தினால் எல்லாரும் போயிட்டு வந்துடணும். பெட்ரோலை அப்போலோ பேயில் நிரப்பிக்கங்க.

7. கதை சொல்லாத ஆபத்துகள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, காட்டுத் தீ அபாயம் உண்டு. கிளம்பற அன்னைக்குக் காலையில் 'விக்எமர்ஜென்சி' ஆப்பைப் பாருங்க. ரோடு மூடியிருக்கான்னும் பாருங்க, மழைக்குப் பிறகு மண் சரியும்.

கடல் பார்க்க அமைதியா இருக்கும், கால் நனைக்கலாம்னு தோணும். உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் தண்ணியில் இறங்கவே கூடாது. 2019 ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு, போர்ட் கேம்ப்பெல் பக்கத்தில் தண்ணியில் மாட்டின ஒரு சுற்றுலாப் பயணியைக் காப்பாத்தப் போன தன்னார்வலர்கள் ரெண்டு பேர், அப்பாவும் மகனும், படகு கவிழ்ந்து இறந்துட்டாங்க. பயணி பிழைச்சார். நம்ம ஆசைக்கு இன்னொரு வீட்டு உயிர் பணயமா ஆகக் கூடாது.

பொழுது சாயும் நேரத்தில் கங்காருவும் வாலபியும் ரோட்டுக்கு வரும். இருட்டினால் வேகத்தைக் குறைங்க. அவசரம்னா 000.

8. ஒரு நாளா, ரெண்டு நாளா?

ரெண்டு நாள். அப்போலோ பேயிலோ போர்ட் கேம்ப்பெல்லிலோ ஒரு ராத்திரி தங்கினால், கதையும் முழுசாக் கேட்கும், சூரியன் மறையறதையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஒரே நாள்தான் இருக்கு, ஓட்டவும் ஒருத்தர்தான் இருக்கார்னா, போக வரப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை அவர் தலையில் கட்டாதீங்க. வெட்கப்படாமல் டூர் பஸ்ஸில் டிக்கெட் எடுங்க. ரெண்டு நாளும், ஓட்ட ரெண்டு பேரும் இருந்தால் மட்டும் ஆடியோ டூரை வாங்குங்க.