உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்

நம்பிக்கை: புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் கேம் கிராஷ் ஆனால், கார்டை உப்புக்காற்று அரித்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: இல்லவே இல்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார்டை உப்புக்காற்று அந்த வேகத்தில் அரிக்காது. ஆனாலும் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை முத்துக்குளித்துறை முழுவதும் இந்த ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "நம்ம ஊரு காத்துக்குப் புது கார்டெல்லாம் தாங்காது அண்ணே" என்று ஒருவர் சொல்ல, கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் துருப்பிடித்து உதிர்வதைத் தினமும் பார்க்கிற ஊரில் இந்தப் பேச்சு எடுபடுவது இயல்புதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்ததும் தேடுவது நின்றுவிடுகிறது. அரை மணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறுக்காக நல்ல கார்டைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். பெட்ரோல் தொட்டுத் துடைக்கிறார்கள். நகப்பூச்சு பூசுகிறார்கள். கேபினட்டைப் பிளாஸ்டிக் உறையால் மூடி உள்ளேயே வேக வைக்கிறார்கள்.

இந்த வதந்தியை உடைக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், கழற்றி வைத்த பழைய கார்டே போதும். அது அதே அறையில், அதே காற்றில் நான்கைந்து வருடம் ஓடியிருக்கிறது. அதைத் திரும்ப மாட்டினால் கேம் ஒழுங்காக ஓடுகிறது. உப்புதான் காரணம் என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது பழையது, நேற்று வந்த புதியது அல்ல. "பழைய கார்டு கெட்டி, புதியது நுணுக்கமானது" என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. கார்டைவிட நுணுக்கமான இணைப்புகள் கொண்ட செல்போனைத்தான் நாம் கடற்கரை மணலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அது தாங்குகிற காற்றை, வீட்டுக்குள் கேபினட்டில் இருக்கும் கார்டு தாங்காதா? இதே கிராஷ், இதே பிழைச் செய்தியோடு கோயம்புத்தூரிலும் டெல்லியிலும் வருகிறது. அங்கே எந்தக் கடல் அடிக்கிறது?

உப்பு எப்படி அரிக்கிறது என்று தெரிந்துகொண்டால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. காய்ந்த உப்பு தனியாக எதையும் அரிப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறினால்தான் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். சோடியம் குளோரைடு அப்படிக் கசிவதற்குக் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் இருக்க வேண்டும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். தூத்துக்குடியின் இரவுக் காற்றில் இந்த ஈரம் தாராளமாக உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேம் ஓடும்போது கார்டு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 60 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் ஏறக்குறைய 17 சதவீதமாக இறங்கிவிடும். அதாவது கேம் கிராஷ் ஆகிற அந்த நேரத்தில்தான் உப்பு அரிப்பதற்கான சூழல் மிகக் குறைவு. இது போக, கார்டின் செம்புத் தடங்கள் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. ஸ்லாட்டில் செருகும் விளிம்பில் தங்க முலாம் இருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் கடல் அரிப்பை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது. அரிப்புத் துறையில் உலோகத் தகடுகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெளியில் வைத்துத்தான் தேய்மானத்தை அளக்கிறார்கள். திறந்த வெளியில் நிற்கும் இரும்பின் தேய்மானத்தை அளக்கவே மாதங்கள் ஆகும்போது, போன வாரம் உறை பிரித்த கார்டு எந்த மூலைக்கு?

"கார்டின் பின்பக்கத் தகட்டில் துரு இருக்கிறதே" என்பது அடுத்த ஆட்சேபம். அந்தத் தகடு கார்டைக் கேபினட்டோடு பிடித்துவைக்கும் எஃகு. சிக்னலோ, கார்டுக்கான மின்சாரமோ அதன் வழியாகப் போவதில்லை. அதில் துரு இருப்பதால் சிப்பும் அரித்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. "கடையில் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்ததும் சரியாகிவிட்டதே" என்பது இன்னொன்று. சுத்தம் செய்ய வேண்டுமானால் கார்டைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும்; பவர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டும். பெரும்பாலும் விண்டோசையும் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். அரைகுறையாக உட்கார்ந்திருந்த கார்டு இம்முறை கிளிக் என்ற சத்தத்தோடு உட்கார்ந்தது, பழைய டிரைவரின் மிச்சம் ஒழிந்தது. குணப்படுத்தியது அந்த வேலை, பெயர் வாங்கியது துடைத்த துணி. "மழைக்காலத்தில்தான் அதிகம் வருகிறது" என்பவர்கள், ஐப்பசி கார்த்திகையில் மின்சாரம் எத்தனை முறை போய்வருகிறது, வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தப் பேச்சு பணத்தையும் கெடுக்கிறது. துரு, அரிப்பு, திரவச் சேதம் ஆகியவற்றுக்கு வாரண்டி கிடையாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதியிருக்கின்றன. நீங்களாகப் போய்ப் புகார்ப் படிவத்தில் "உப்புக்காற்றால் பழுது" என்று எழுதினால், மறுப்பதற்கான காரணத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்கிறீர்கள். மேலே எதையாவது பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம். நடப்பதை மட்டும் எழுதுங்கள்: எந்த கேம், எத்தனை நிமிடத்தில், என்ன செய்தி, திரை மட்டும் கறுத்ததா, மொத்தக் கம்ப்யூட்டரும் அணைந்ததா.

உப்பு ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அணைத்தே கிடக்கும் கம்ப்யூட்டர், கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் கேபினட், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மதர்போர்டு, இவற்றையெல்லாம் அரிப்பு தின்னும். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நீர் புகுந்த மின்சாதனங்களின் பழுது இன்றைக்கும் தலைகாட்டலாம். ஆனால் அரிப்பினால் வரும் பழுது மெதுவாக வளரும். ஒரு குறிப்பிட்ட கேமில் மட்டும் வந்து மற்றதில் வராமல் இருக்காது. டிரைவரை மாற்றினால் மறைந்து போகாது.

அப்படியானால் புது கார்டு ஏன் கிராஷ் ஆகிறது? முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. நம் ஊர்களில் நிறையப் பேர் வைத்திருந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு 75 வாட்டில் ஓடியது. அந்த அளவை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு ஆர்.டி.எக்ஸ். 3070 போட்டால் தேவை 220 வாட். மொத்தக் கம்ப்யூட்டருக்கு 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. கேபினட்டோடு வந்த பெயர் தெரியாத 450 வாட் பெட்டியிலேயே இதையும் மாட்டுகிறார்கள். கார்டு இழுக்கும் மின்சாரம் சீரானது அல்ல; நொடியின் மிகச் சிறிய பகுதியில் இரண்டு மடங்குக்குக்கூடத் துள்ளும். இதனால்தான் 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், தன் வாட் அளவைப்போல் இரு மடங்குத் துள்ளலை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு விதித்தது. மெனுவில் அமைதியாக இருந்து, சண்டைக்காட்சி வந்ததும் மொத்தக் கம்ப்யூட்டரும் அணைந்து மறுபடி எழுந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். கார்டில் இரண்டு 8 பின் இணைப்பு இருந்தால் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

இரண்டாவது டிரைவர். பழைய கார்டின் டிரைவரை நீக்காமல் புதியதை ஏற்றினால் இரண்டும் முட்டிக்கொள்ளலாம், குறிப்பாக ஏ.எம்.டி.யிலிருந்து என்விடியாவுக்கோ திரும்பவோ மாறும்போது. சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கொண்டு துடைத்துவிட்டு, நிறுவனத்தின் டிரைவரை ஏற்றுங்கள். புது கார்டு வந்த வேளையில் டிரைவரே குறையோடு இருந்ததும் உண்டு. 2020 செப்டம்பர் 17 அன்று ஆர்.டி.எக்ஸ். 3080 விற்பனைக்கு வந்ததும் கேம்கள் கிராஷ் ஆயின. கார்டின் பின்புறக் கெபாசிட்டர்கள் மட்டம் என்று உலகமே பேசியது. செப்டம்பர் 28 அன்று 456.55 எண் டிரைவர் வந்ததும் பெரும்பாலோருக்குச் சிக்கல் அடங்கியது. சில நிறுவனங்கள் கெபாசிட்டர் அமைப்பையும் மாற்றின என்பது உண்மை. ஆனால் வாங்கியவர் கையில் இருந்த அதே கார்டை நிலைப்படுத்தியது மென்பொருள்தான்.

எது காரணம் என்று ஊகிக்கவே வேண்டாம், விண்டோஸ் எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து கிராஷ் ஆன நேரத்தைப் பாருங்கள். டிஸ்ப்ளே 4101 என்று இருந்தால், இரண்டு நொடிக்குள் கார்டு பதில் தராததால் விண்டோஸ் டிரைவரை மீட்டிருக்கிறது என்று பொருள். கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் முறைப்படி நிற்காமல் திடீரென அணைந்திருக்கிறது; எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பாருங்கள். வீயா லாகர் இருந்தால் பிராசசர், ராம், ஸ்லாட் என்று வன்பொருளைத் தேடுங்கள்.

நம்பிக்கை: வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்தால் கார்டுதான் பழுது.

உண்மை: இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களில் இதே செய்தி வந்து பலரைக் கார்டு மாற்ற வைத்தது. உண்மையில் பழுதானது பிராசசர். அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணம் என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்த பிராசசர் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

நம்பிக்கை: பிராசசர் பழையதாக இருந்தால் கேம் கிராஷ் ஆகும்.

உண்மை: பழைய பிராசசர் கேமை மெதுவாக்கும், திக்க வைக்கும். பெரும்பாலும் கிராஷுக்கு அது காரணம் ஆகாது. கேம் கேட்கும் கட்டளைத் தொகுப்பு இல்லாத மிகப் பழைய பிராசசரில் மட்டும் கிராஷ் ஆகலாம்.

நம்பிக்கை: ராமின் எக்ஸ்.எம்.பி. வேகம் கம்பெனி தந்தது, அதைத் தொட வேண்டாம்.

உண்மை: அது ஓவர்கிளாக்கிங்தான். ஒருமுறை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். கிராஷ் நின்றால் கார்டு குற்றமற்றது.

நம்பிக்கை: கார்டின் பதிலுக்காக விண்டோஸ் காத்திருக்கும் அந்த இரண்டு நொடியை ரிஜிஸ்ட்ரியில் கூட்டினால் சரியாகிவிடும்.

உண்மை: கார்டு பதில் சொல்லாததுதான் கோளாறு. அதிக நேரம் காத்திருந்தால் திரை அதிக நேரம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

உப்பு உண்மையிலேயே தின்பது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: வீட்டு எர்த் குழாய். உவர் மண்ணில் புதைந்த இரும்புக் குழாய் அரித்துப்போனாலும் மேலே எதுவும் தெரியாது. மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் அப்போது கேபினட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தை, 115 வோல்ட் அளவுக்கு, நிற்க வைக்கும். தொட்டால் சுர்ரென்று இழுப்பது இதனால்தான். அந்த நிலையில் ஓடும் கம்ப்யூட்டரில் டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் புது கார்டின் போர்ட் பறிபோகவும் கூடும். எல்லா கிராஷுக்கும் எர்த் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாற்பதாயிரம் கொடுத்துக் கார்டு வாங்குபவர், அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளக்கச் சொல்ல வேண்டும். எர்த் போடும் முறைக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநெறியே இருக்கிறது. கடலோர மாவட்டத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் எர்த் சோதனை செய்வதை ஒவ்வொரு வீடும் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். கணினியைவிட அதைத் தொடும் பிள்ளையின் உயிர் பெரிது.

ஆகவே, புது கார்டு மாட்டிக் கேம் கிராஷ் ஆனால் வரிசையாகப் பாருங்கள்: கார்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, கேபிள், எஸ்.எம்.பி.எஸ்., டிரைவர், ராம், பயாஸ். எல்லாம் முடிந்தும் நிற்கவில்லை என்றால் வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் கிராஷ் ஆனால், அது பிறப்பிலேயே குறையோடு வந்த கார்டு. பில்லோடு கொண்டுபோய் வாரண்டியில் மாற்றுக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்த வரிசையில் உப்புக்காற்றுக்கு இடமில்லை.