எந்தச் செய்தியை எங்கே கொடுப்பது?

2015 ஜூலை 31. மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். ஓர் ஊரின் கடைப் பிரச்சினை மறுநாளே மாநிலம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ஊர் ஊராகப் போராட்டம் கிளம்பியது. 2016 மே மாதம் ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்ற அன்று 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டதில் அந்தக் கொந்தளிப்புக்கும் பங்குண்டு.

உயிரைப் பணயம் வைக்காமல் செய்தியாவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. போதைக்கு எதிராகக் குரல் கொடுக்கும் மகளிர் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: நம் செய்தி யார் காதில் விழ வேண்டும்?

அதிகாரி அசைய வேண்டுமென்றால் நாளிதழின் மாவட்டப் பக்கம்தான். பலரும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, வாசலில் போட்டோவுக்கு நிற்கிறார்கள். அன்று அங்கே கூட்டம் அதிகம். கிடைப்பது நாலு வரி. அதைவிட, பள்ளி கேட்டிலிருந்து பெட்டிக்கடை வரை டேப் பிடித்து அளக்கிற படம் பேசும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். நிருபருக்கு அளவும் சட்டமும் கையில் கிடைத்தால் செய்தி பாதி எழுதியாயிற்று. மதுக்கடைக்கு எதிரான கிராமசபைத் தீர்மான நகலும் அப்படித்தான்.

வீட்டுக்குள் பேச வேண்டியதற்கு ரேடியோ மேல். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கியது நாகர்கோவிலில்தான். குடியை விட்ட ஒருவர் பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல், நம்மூர்ப் பேச்சில் பேசலாம். கூடவே 14446 என்ற மறுவாழ்வு உதவி எண்ணையும் சொல்லிவிடலாம். டிவி கேமராவுக்கு முன் அதே மனிதர் வாய் திறப்பாரா?

வாட்ஸ்அப் வேகமானது, ஆனால் மிகவும் ஆபத்தானதும் அதுதான். போதையில் கிடக்கும் பள்ளி மாணவனின் வீடியோவைப் பரப்புவது விழிப்புணர்வு ஆகாது. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி குற்றமும்கூட. என்ன பொருள், என்ன விலை, எந்த முக்கில் கிடைக்கும் என்று பிட்டுப்பிட்டு வைக்கும் செய்தி, வாங்க நினைப்பவனுக்கு வழிகாட்டிப் பலகை. அந்த விவரமெல்லாம் போலீசுக்குப் போகட்டும்.

செய்தி வந்ததும் மூடிய பெட்டிக்கடை சில வாரத்தில் மீண்டும் திறந்திருக்கலாம். பழைய பத்திரிகைத் துண்டை எடுத்துக்கொண்டு அதே நிருபரைத் திரும்பக் கூப்பிட, குழுவில் ஒருவரை இப்போதே பொறுப்பாக்கி வைப்பது நல்லது.