வசதி வந்தால் பிள்ளையின் எடையும் கூடுமா?



நமது அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு ஒரு தாய் தன் பதினான்கு வயது மகளை அழைத்து வந்திருந்தார். எடை மிகவும் கூடுதல் என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "சாப்பாட்டுக்குக் குறை வைக்கக் கூடாதுன்னுதானேண்ணே அவ அத்தா சவூதியில கிடந்து கஷ்டப்படுறாரு" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வருமானத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு எல்லா நாட்டிலும் ஒன்று போல இல்லை. சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 1989இல் எழுதினார்கள். பணக்கார நாடுகளில் வசதி குறைந்த பெண்களிடம் பருமன் அதிகம். வளரும் நாடுகளில் வசதி உள்ளவர்களிடம் அதிகம் என்பது அவர்கள் கண்டது. நம் நாடு இரண்டாவது வகை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் 17.8 சதவீதமும் மாணவிகளில் 15.8 சதவீதமும் கூடுதல் எடை. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும், ஓடியாடாத பிள்ளைகளிடமும் அது அதிகம்.

ஏன் என்பதற்குச் சென்னை வரை போக வேண்டாம், பேகம்பூரில் மாலை நேரம் நின்று பார்த்தால் போதும். கையில் காசு சேர்ந்ததும் வீட்டுக்கு வண்டி வருகிறது, நடந்து போன பிள்ளை பின்சீட்டில் போகிறது. பிறகு டியூஷன், விளையாடும் நேரம் அதில் கரைகிறது. டியூஷன் முடிந்தால் பப்ஸ், பாட்டில் ஜூஸ், இரவில் பரோட்டா. (பிரியாணியைக் குறை சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லில் குடியிருக்க முடியாது, அதை விட்டுவிடுகிறேன்.) அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையோ இலவச சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறது.

அதற்காக ஏழை வீடுகள் தப்பிவிட்டன என்று எண்ண வேண்டாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். பத்துக்கு நான்கு பேர் என்றால் அத்தனை பேரும் பணக்காரர்களாக இருக்க முடியாதல்லவா? ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் எல்லாத் தெருவிலும் தொங்குகிறது.

நம் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. வயதுக்கு வந்ததும் ஓட்டம், ஆட்டம் எல்லாம் நின்றுவிடுகிறது. மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இல்லாதது இடம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது: பெரியவர்களுக்கான எடைக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பயப்படாதீர்கள். அவர்களுக்கு வயதுவாரியாகத் தனி அட்டவணை உண்டு, குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள். பட்டினி போடாதீர்கள். "குண்டு" என்று கூப்பிடுவதை உறவினர்கள் முன்னாலாவது நிறுத்துங்கள்.

சனி, ஞாயிறுகளில் அஸர் முதல் மஃரிப் வரை நம் மாடிக் கூடத்தைப் பெண் பிள்ளைகள் விளையாட ஒதுக்க நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. இரண்டு உறுப்பினர்களுக்கு மனமில்லை, அவர்களோடு பேசி வருகிறோம். ஷட்டில் மட்டையும் ஸ்கிப்பிங் கயிறும் வந்துவிட்டன. சொல்லிக்கொடுக்க ஆசிரியை ஒருவர் தேவை. தெரிந்தவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள்.