பட்டணத்து மண் பரீக்ஷை

நஞ்சை புஞ்சை மண்ணைப் பரீக்ஷித்து எருவிடுதல் நம் விவசாயிகளுக்குப் பழக்கமாகியுள்ளது. ஊரையொட்டிய கொல்லை மண்ணைக் கவனிப்போர் சிலரே. முந்திரியும் மணிலாவும் விளையும் செம்மண் பிரதேசத்தில், மணிமுத்தா நதிக்கரையில், பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற ஊர்களில் இதை அலக்ஷியம் செய்யலாகாது.

வயல் மண் பெரும்பாலும் ஒரே தன்மையாயிருக்கும். பட்டண மண்ணோ பத்தடிக்குள் மாறும். ஓரிடத்தில் இடிந்த சுவரின் காரை, அடுத்து சூளைச் சாம்பல், அப்பால் வேற்றூர் மண். காரை மிகுந்தால் மண் காரமாகி, இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டா; இலை வெளுக்கும்.

இதனினும் கவலைக்குரியது காரீயம். பீங்கான் மேற்பூச்சுகள் சிலவற்றிலும் பழைய வர்ணங்களிலும் அது சேர்ந்திருந்தது. 2000-ஆம் வருஷம் வரை பெட்ரோலிலும் இருந்தது. மழையில் எளிதிற் கரையாமல் மேல்மண்ணிலேயே நெடுங்காலம் தங்கும். புழுதி மூலம் உட்சென்று குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணுக்குப் பத்து லக்ஷத்தில் 400 பங்கு என்றிருந்த எச்சரிக்கை அளவை 2024-இல் 200 ஆகக் குறைத்தனர்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டையின் 12 பரீக்ஷைகளில் காரீயம் இல்லை. அத்திட்டத்தில் இறவையில் இரண்டரை ஹெக்டேருக்கும், மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று விதிக்கப்பட்டது. ஆகையால் அட்டை நன்றாயிருப்பது கொண்டு கொல்லை மண் சுத்தமென்று கருதலாகாது. காரீயப் பரீக்ஷையைத் தனியே கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் விதம்:

1. சூளையடி, சாலையோரம், கொட்டிய மண், பழைய கொல்லை என நிலத்தைப் பிரித்து வரைபடத்திற் குறிக்க. ஒன்றின் மண்ணை மற்றதோடு கலக்கலாகாது.

2. ஒவ்வொரு பிரிவிலும் 10 முதல் 15 இடங்களில் குப்பை நீக்கி, அரையடி ஆழத்துக்குச் சரிவான குழி வெட்டி, அதன் பக்கத்தைச் சீவி எடுக்க. குழந்தைகள் விளையாடும் இடத்தில் மேல் ஓரங்குல மண்ணைத் தனியே எடுக்க.

3. துத்தநாகம் பூசிய பாத்திரமும் பழைய உரச்சாக்கும் உதவா.

4. மண்ணைக் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்குக. அரைக்கிலோ மிஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்திச் சர்வே நம்பருடன் அனுப்புக.

காரீயம் மிகுந்திருப்பின் கீரையும் கிழங்கும் விடுத்து, கத்தரி, வெண்டை பயிரிடலாம். அல்லது சுத்தமான மண்ணிட்டு மேட்டுப்பாத்தி அமைக்கலாம். புளிப்பு மண்ணில் காரீயம் பயிருக்கு எளிதிற் செல்லுமாதலால், அளவறிந்து சுண்ணாம்பும் மட்கெருவும் இடுக. வெற்றுத் தரையைப் புல்லால் மூடுக. காய்கறிகளை நன்கு கழுவுக.

சூளையிருந்த நிலம் மனையாகப் பிரிவதற்குமுன் கிராம உத்தியோகஸ்தர்கள் இப்பரீக்ஷையை நினைவூட்டுவது, அங்கு வாழப்போகும் குழந்தைகளுக்குச் செய்யும் பேருபகாரமாகும்.