அகராதியைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு

கண்ணு, ஆங்கிலச் சொற்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறாய். ஒன்றுபோல் தொடங்கும் சொற்கள்தான் உன்னை அதிகம் அலைக்கழிக்கும். பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் தெளிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. உறவைத் தேடு. டெலிபோன், டெலிஸ்கோப், டெலிவிஷன் மூன்றிலும் முன்னால் நிற்கும் ‘டெலி’க்குக் கிரேக்கத்தில் தொலைவு என்று பொருள். நம் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி எல்லாம் அதே வழியில் அமைந்தவை. வேரைப் பிடித்தவனுக்குச் சொல் மறக்காது.

2. உறவென்று உடனே நம்பிவிடாதே. ‘டெலிவரி’யையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதினால்தான் தொடக்கம் ஒன்று. ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேறு. விடுவித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல் வழியாக வந்தது அது. காது கேட்டதைக் கண்ணும் சரிபார்க்கட்டும்.

3. விதியைப் படி, விலக்கையும் படி. ‘இன்விசிபிள்’ கண்ணுக்குத் தெரியாதது. அங்கே ‘இன்’ மறுக்கிறது. ‘இன்ஃப்ளேமபிள்’ அப்படியல்ல, எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாதது என்று ஒரு மாணவன் அடித்துச் சொன்னான். வகுப்பில் போனது ஒரு மதிப்பெண்; எரிபொருள் கிடங்கில் உயிரே போயிருக்கும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

4. சிறியதை அலட்சியம் செய்யாதே. ஹைப்பர்டென்ஷன் என்றால் இரத்த அழுத்தம் கூடுவது. ஹைப்போடென்ஷன் என்றால் குறைவது. நடுவில் ஓர் அசை மாறினால் நோயே தலைகீழாகிவிடும். மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். பொறுப்புள்ளவன் எழுத்தெண்ணிப் படிப்பான்.

5. அவசரப்படாதே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு ஜேம்ஸ் மரே 1879-இல் ஆசிரியரானார். அடுத்தடுத்து நிற்கும் சொற்களானாலும் ஒவ்வொன்றின் வரலாற்றையும் தனியே தேடினார். 1915-இல் அவர் மறைந்தபோதும் வேலை முடியவில்லை; 1928-இல்தான் நிறைவேறியது. அத்தகைய பேரறிஞருக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. நீ நாளுக்கு ஐந்து சொல் படி, போதும். ஐந்தையும் அகராதியில் பார்த்துப் படி.

6. தெரியாததைக் கேள், தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு சிரிப்புக்குப் பயந்து அதன்பின் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் அகராதியை அவன் பக்கம் நகர்த்து, இருவரும் சேர்ந்து பாருங்கள். படிப்பு கூடக்கூடப் பணிவும் கூடவேண்டும், கண்ணு.